வீட்டை அடமானம் வைத்து ஓவியத்தில் முதுகலை படிக்கலாமா?

காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊரிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய விருப்பப்படி பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. ஓவியம் முடித்தவர். ஐந்து ஆண்டுகளாக ஒரு தனியார் பள்ளியில் மாதம் 21,000 ரூபாய் சம்பளத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தம்பி பொறியியல் முடித்து ஓசூரில் முதல் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன.

அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் கலைப்பள்ளியில் இரண்டாண்டு எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுகலை) ஓவியப் படிப்புக்கு அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 52,000 டாலர். அதில் 30 சதவீதத்தை உதவித்தொகை என்று கழித்திருக்கிறார்கள். மீதியை இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, 64 லட்சம் ரூபாய் கடன் போதும் என்று சேர்க்கைக்கு உதவிய ஏஜென்சி சொல்லியிருக்கிறது. அப்பா, தான் கட்டிய வீட்டை வங்கியில் ஈடாக வைக்கச் சம்மதித்துவிட்டார். அம்மா எதுவும் பேசவில்லை. தம்பி மட்டும் எதிர்க்கிறார். பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று ஏஜென்சி தினமும் தொலைபேசியில் அழைக்கிறது. “இப்போது போகாவிட்டால் எனக்கு வயதாகிவிடும். இங்கே எம்.எஃப்.ஏ. படித்தால் யாரும் மதிப்பதில்லை. அங்கே படித்தால் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டு, திரும்பி வந்து பேராசிரியராகச் சேர்ந்துவிடுவேன். நான் செய்வது சரிதானா?” என்று கேட்டிருக்கிறார். கூடவே, சேர்க்கைக்கு அனுப்பிய இருபது படங்களையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறையும் படங்களைப் பல முறையும் பார்த்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் முதுகலை படிக்க வேண்டும், ஆனால் இந்தப் பள்ளியில், இந்த விலைக்கு, அந்த வீட்டை வைத்துப் படிக்க வேண்டாம். ஓவியக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன், அதன் பிறகு மாணவர்களின் மேற்படிப்புக் கணக்குகளை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். அதற்கு முன்பு, உங்கள் கடிதத்தில் உண்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் சிலவற்றைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

அந்த 30 சதவீதம்

உதவித்தொகை என்ற சொல் உங்கள் வீட்டில் எவ்வளவு பெருமையைக் கொண்டுவந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைக் குலைப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அமெரிக்கத் தனியார் கலைப்பள்ளிகள் பலவற்றில் இத்தகைய பகுதிக் கழிவு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒன்று. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போட்ட சேலையைப் போலத்தான். கழித்த தொகையைப் பார்க்காமல், மிச்சம் நாம் கட்டப்போகும் தொகையைப் பார்க்க வேண்டும். உங்களிடம் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. உங்கள் திறமையை அந்தப் பள்ளி எவ்வளவுக்கு நம்புகிறது என்பதற்கு இந்தக் கழிவு அளவுகோல் ஆகாது என்று மட்டுமே சொல்கிறேன்.

உண்மையில் ஒரு மாணவரை விரும்பி அழைக்கும் இடங்கள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஓவியத் துறைகளில், ஆண்டுக்குச் சிலரை மட்டும் எடுத்துக்கொண்டு, இளநிலை மாணவர்களுக்கு வரைதல் வகுப்பு எடுக்கும் உதவியாசிரியர் பணியைக் கொடுத்து, கட்டணத்தை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ தள்ளிவிட்டு, மாதச் செலவுக்கும் ஒரு தொகை தருவார்கள். ஊரின் பெயர் நமக்குப் பழக்கமில்லாததாக இருக்கும். நியூயார்க்கின் பளபளப்பு இருக்காது. ஐந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கற்பித்த அனுபவம் உங்களிடம் இருப்பதால், அந்த இடங்களுக்கு உங்கள் விண்ணப்பம் பொருத்தமானதாக இருக்கும். ஏஜென்சி உங்களிடம் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாததற்குக் காரணம் எளிது: மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகப் பள்ளிகள் கொடுக்கும் தரகில்தான் இத்தகைய ஏஜென்சிகள் பெரும்பாலும் நடக்கின்றன; கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் இடத்தில் தரகுக்கு வழியில்லை.

பத்து நாள் கெடுவைக் கண்டு பதற வேண்டாம். நிதியுதவியோடு இடம் கொடுக்கும்போது ஏப்ரல் 15 வரை மாணவரை முடிவெடுக்க வற்புறுத்துவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. உங்கள் பள்ளி அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை ஏஜென்சி வழியாக அல்லாமல் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் 30 சதவீதக் கழிவு நிற்குமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். வாய்மொழியாக வரும் பதில் பதிலே அல்ல, எழுத்தில் வரட்டும்.

64 லட்சத்தில் விடுபட்டவை

ஏஜென்சியின் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 52,000 டாலரில் 30 சதவீதம் போக ஆண்டுக்கு 36,400; இரண்டு ஆண்டுகளுக்கு 72,800; டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 64 லட்சத்துச் சொச்சம். கணக்கு சரி. ஆனால் இது கட்டணம் மட்டும். நீங்கள் எங்கே தூங்குவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்பது இதில் இல்லை. அங்கே கட்டாயமான மருத்துவக் காப்பீடு இல்லை. விமானக் கட்டணம் இல்லை. கான்வாஸ், வண்ணம், சட்டம் அடிக்கும் மரம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 20,000 டாலர் என்று மிகச் சிக்கனமாகப் போட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு இன்னும் 35 லட்சம் சேர்கிறது. ஆக, 64 லட்சம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு கோடிக்கு அருகில் நிற்கிறது. நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால், விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தயாரிக்கும் முன் பள்ளி அனுப்பும் செலவு மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாழ்க்கைச் செலவும் அதில் தனி வரியாக இருக்கும்.

இனி மாதத் தவணை. 64 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 12 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 80,000 ரூபாய் வருகிறது. 99 லட்சமாக இருந்தால் சுமார் 1,24,000. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய சலுகைக் காலத்திலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைக் கட்டாவிட்டால் கடனோடு சேர்கிறது என்பதை அவ்வளவு உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

வேலை பார்த்து அடைப்பேன் என்கிறீர்கள். இங்குதான் உங்கள் கணக்கில் பெரிய பிழை இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அங்கே துறை சார்ந்த வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. என்ற ஏற்பாடு 12 மாதங்களுக்குத்தான். அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று வகைப்படுத்தப்பட்ட படிப்புகளுக்கு மட்டும் உண்டு. ஓவியப் படிப்பு அந்தப் பட்டியலில் வராது. உங்களுக்கு மூன்று ஆண்டுகள் என்று சொன்னவர், மென்பொருள் படிக்கப் போகும் மாணவருக்குச் சொல்லும் வாசகத்தை அப்படியே உங்களுக்கும் ஒப்பித்திருக்கிறார். படிக்கும்போதும் பாடவேளைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்தப் பன்னிரண்டு மாதங்களில் ஒரு கேலரி உதவியாளராகவோ கலைக்கூட உதவியாளராகவோ வாங்கும் சம்பளம் உங்கள் வாடகைக்கே இழுபறியாக இருக்கும்.

அப்பாவின் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் கடன் உங்களுடையது மட்டும் அல்ல, அவருடையதும் ஆகிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்று வங்கி வகைப்படுத்தும். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திராமலே ஈட்டுச் சொத்தின் மீது நடவடிக்கை எடுக்க முடியும். உங்கள் தம்பி பொறாமையில் எதிர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் தவணை கட்ட முடியாத மாதத்தில் வங்கியிலிருந்து வரும் முதல் தொலைபேசி ஓசூருக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள்.

பட்டம் எதைத் தரும்

ஓவியத்தில் முதுகலை என்பது என்ன என்பதை நம் வீடுகளில் யாரும் விளக்குவதில்லை. பி.எட். போல, முடித்தால் ஒரு வேலைக்குத் தகுதி என்ற சாயலில்தான் புரிந்துகொள்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே பாடத்திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. உங்களுக்கென்று ஒரு சுவரும் மேசையும் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் வேறு எவருக்கும் பதில் சொல்லாமல் வேலை செய்யும் நேரம் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ ஆசிரியர்களும் சக மாணவர்களும் வந்து உங்கள் படங்களின் முன்னால் நின்று, இது ஏன் இப்படி இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பார்கள்; கிரிட்டிக் என்பது அதுதான். நல்ல நூலகம் இருக்கும். பிற்காலத்தில் கண்காட்சிகளுக்கு ஒருவரையொருவர் பரிந்துரைக்கப்போகும் பத்துப் பதினைந்து பேர் பக்கத்து அறைகளில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். முதுகலை தருவது இவ்வளவுதான். இது சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களில் பலருடைய கை மாறியது இந்த இரண்டு ஆண்டுகளில்தான். ஆனால் இது தவணை கட்டும் வருமானத்தைத் தருவதாக எங்கும் ஒப்புக்கொள்வதில்லை.

பேராசிரியர் வேலையைப் பற்றி: அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. என்பது ஓவியப் பயிற்சித் துறையில் இறுதிப் பட்டமாகக் கருதப்படுகிறது. இங்கே அப்படி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியராகப் பொதுவாக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் அதோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், அல்லது விதிகளுக்கு உட்பட்ட முனைவர் பட்டம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. ஒரு கோடி செலவழித்துத் திரும்பி வந்தாலும், காட்சிக்கலைப் பாடத்தில் நெட் எழுதுகிறவர்களின் அதே வரிசையில்தான் நீங்களும் நிற்க வேண்டும். வடோதராவிலோ சென்னையிலோ படித்தவர் உங்களுக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில் நிற்பார். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று வாங்கும் வேலை உங்களுக்குக் கூடுதலாக இருக்கும்.

வயதைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில், 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகவே சேர்ந்தார். பின்னாளில் அதே நிறுவனத்தின் முதல்வரானார். 1966இல் அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அதற்கான பணத்தின் பெரும்பங்கு பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றதில் வந்தது. முதுகலை இல்லாவிட்டால் எந்த கேலரியும் திரும்பிப் பார்க்காது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதுவே என் பதில். கேலரிக்காரர்கள் முதலில் பார்ப்பது சுவரில் தொங்குவதை; பட்டத்தின் பெயர் குறிப்பேட்டின் கடைசி வரியில் வரும். அமெரிக்க எம்.எஃப்.ஏ. வகுப்புகளில் முப்பதைக் கடந்தவர்கள் சாதாரணம். உங்களைவிட ஐந்து வயது இளையவராக, கல்லூரியிலிருந்து நேராக அங்கே போகிறவருக்குத்தான் எதை வரைவது என்று தெரியாமல் முதலாண்டு வீணாகிறது.

நீங்கள் தள்ளிவைத்த வாசல்கள்

“இங்கே படித்தால் மதிப்பில்லை” என்ற வரியில் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலாபவனத்தின் திறந்தவெளியில், ராம்கிங்கர் பைஜ் சிமெண்டையும் செம்புறைக் கற்களையும் கொண்டு 1938இல் செய்த சந்தால் குடும்பச் சிற்பம் இன்றும் நிற்கிறது. அதைக் கடந்துதான் மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். 1950இல் தொடங்கிய வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கவின்கலைப் புலத்தில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் கற்பித்தார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டு, 1944இல் சாந்திநிகேதனுக்குப் போனவர். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்த நம் சென்னைக் கல்லூரியிலும் இருக்கிறது.

இந்த இடங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆகும் செலவை, விடுதியும் சாப்பாடும் வண்ணமும் சேர்த்தே, சில லட்சங்களுக்குள் அடக்கிவிடலாம். 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் வடோதராவுக்கும் இரண்டாவதாகச் சாந்திநிகேதனுக்கும் விண்ணப்பிப்பேன். சென்னையை மூன்றாவதாக வைப்பதற்குக் காரணம் தரக்குறைவு அல்ல. இளநிலை படித்த மரபிலேயே முதுகலையும் படித்தால், உங்கள் கை பழகிய வழியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்; வேறு மண்ணில், வேறு மொழி பேசுகிறவர்களுக்கு உங்கள் படத்தை விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு நல்லது. தமிழ்வழியில் படித்ததால் நேர்காணலில் திணறுவேன் என்கிறீர்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் உங்களைப் போலத்தான் இருக்கும். செய்முறைத் தேர்வில் கையும், நேர்காணலில் படங்களும் பேசும். நீங்கள் இடையில் நாலு வரி சொன்னால் போதும்.

பணம் தரும் வழிகளில் உங்களுக்குப் பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்துச் சொல்கிறேன். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு வயது வரம்பு 25. அது உங்களுக்கு இல்லை. ஆனால் அதே அமைச்சகத்தின் இளநிலை ஃபெல்லோஷிப் 25 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு உரியது. மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். அமெரிக்காவில் படிக்கத் தரப்படும் ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவியை நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் கலை சார்ந்து வருவது கலை, பண்பாட்டு மேலாண்மையும் பாரம்பரியப் பாதுகாப்பும் அருங்காட்சியகவியலும்தான். ஓவியப் பயிற்சிக்கு அதில் இடமில்லை. இன்லாக்ஸ் அறக்கட்டளை வெளிநாட்டுப் படிப்புக்கும் இங்கேயே வேலை செய்யும் இளம் ஓவியர்களுக்கும் தனித்தனியாக உதவுகிறது. வயது வரம்பு இருப்பதால் அதைத் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே பாருங்கள். பிரிட்டனை எண்ணினால் சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலான முதுகலைகள் ஓராண்டுதான், ஒரு ஓவியருக்கு அது மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

ஜெர்மனியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே அரசுக் கலை அகாதெமிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஓவியப் பட்டதாரிகளுக்கென்றே டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. ஒரு பேராசிரியரின் வகுப்பில் சேர்ந்து, அவருடைய கூடத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் முறை நம் குருகுலத்தை நினைவூட்டும். ஆனால் ஜெர்மன் மொழி வேண்டும். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். மொழி படிக்க இரண்டு ஆண்டு பொறுமை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

உங்கள் இருபது படங்கள்

இப்போது படங்களுக்கு வருகிறேன். முதல் பதினான்கையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கோயில் யானை, தலையில் குடத்தோடு பெண், மஞ்சள் வெளிச்சத்தில் மாட்டுவண்டி, கண் மூடிய முகத்தின் மேல் பாய்ந்தோடும் குதிரைகள். கை சுத்தமாக இருக்கிறது, அளவு பிசகவில்லை. கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும். ஆனால் எந்த நாட்டுத் தேர்வுக் குழுவும் ஒரு விண்ணப்பத்தைப் புரட்டச் செலவிடும் சில நிமிடங்களில் இவற்றில் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

பதினைந்தாவது படத்தில் நின்றுவிட்டேன். அம்மாவின் தையல் பேப்பரில், ரவிக்கையின் முன்பாகத்துக்காக வெட்டிவைத்த அந்தப் பழுப்புத் தாளில், கரித்துண்டால் ஒரு பெண்ணின் முதுகை வரைந்திருக்கிறீர்கள். மேலே ஒரு மூலையில் அம்மாவின் கையெழுத்தில் 36 என்றும், அதன் கீழே கை 9 என்றும் பென்சிலில் இருக்கிறது. ஊசி குத்திய துளைகள் கழுத்து வளைவில் வரிசையாகத் தெரிகின்றன. உங்கள் கரிக்கோடு அந்தத் துளைகளின் மேல் ஏறி இறங்கும்போது உடைகிறது. தாளின் வடிவமே ஓர் உடம்பு. அதற்குள் நீங்கள் வேறோர் உடம்பை வைத்திருக்கிறீர்கள். ஊரில் யாரோ ஒருத்தியின் அளவு, உங்கள் அம்மாவின் எழுத்து, உங்கள் கோடு என்று மூன்று பேர் ஒரே தாளில் இருக்கிறார்கள். இப்படி ஆறு படங்கள். இவற்றை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? “இவை சும்மா வீட்டில் போட்டவை” என்று அடிக்குறிப்பு வேறு எழுதியிருக்கிறீர்கள்.

முதல் பதினான்கையும் எடுத்துவிடுங்கள். அடுத்த ஓராண்டில் இந்த ஆறு, பதினெட்டோ இருபதோ ஆகட்டும். அமெரிக்க விண்ணப்பங்களில் பொதுவாகக் கேட்பதும் அந்த எண்ணிக்கைதான். எல்லாவற்றிலும் கரித்துண்டே இருக்க வேண்டியதில்லை. நூல் வரலாம், தையல் சாக்கட்டி வரலாம், சில தாள்களில் நீங்கள் எதுவுமே வரையாமல் விடலாம். புகைப்படம் எடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து எடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பியதில் இரண்டில் உங்கள் கைப்பேசியின் நிழல் தெரிகிறது. காலை வெயில் நேராக விழாத திண்ணையில், வெள்ளைச் சுவரில், தாளின் ஓரம் முழுவதும் தெரியும்படி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஊடகம், ஆண்டு எழுதுங்கள். கூடவே கேட்கும் கலைஞர் குறிப்பில், மனித உணர்வுகளின் ஆழத்தை வெளிப்படுத்துகிறேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, உங்கள் வீட்டு முன்னறையில் யார் வருகிறார்கள், அம்மா எப்படி அளவெடுக்கிறார், அந்தத் தாள்கள் எங்கே தொங்குகின்றன என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

பள்ளி வேலையை விட வேண்டாம். அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். இங்குள்ள பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகள் கோடையை ஒட்டி வரும். ஆகவே ஒரே படத்தொகுப்பைக் கொண்டு இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கலாம். கட்டணத் தள்ளுபடியும் உதவியாசிரியர் பணியும் சேர்ந்து வந்தால் அமெரிக்கா போங்கள். வராவிட்டால் வடோதராவுக்கு ரயில் ஏறுங்கள். இடையில் சென்னைக்கு வரும்போது கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக் கூடத்தைப் பாருங்கள். அந்தத் துளைகளும் வெட்டு வடிவங்களும் அச்சுத் தகட்டுக்கு மாறினால் என்ன ஆகும் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சிறிய வேலை, இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது. அந்தப் பழுப்புத் தாளில் அமிலத்தன்மை உண்டு. சில ஆண்டுகளில் ஓரங்கள் நொறுங்கத் தொடங்கும். ஆணியில் தொங்கவிட்டிருக்கும் ஆறையும் இறக்கி, கரித்தூள் உதிராமல் இருக்க ஃபிக்ஸேடிவ் அடித்து, அமிலமற்ற தாள்களுக்கு இடையில், மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். அம்மா வெட்டி முடித்துத் தூக்கிப் போடும் பழைய தாள்களை இனிமேல் அடுப்புக்குப் போடாமல் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று அவர் கேட்டால், பதினைந்தாவது படத்தைக் காட்டுங்கள்.